முசோலினியின் இத்தாலி சோஷலிச நாடா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

'எல்லாம் அரசுக் கட்டுப்பாடுதானே' என்று சோஷலிசத்தையும் இத்தாலியின் பாசிச சர்வாதிகாரி முசோலினியின் கார்ப்பரேட்டிசத்தையும் (முதலாளி, தொழிலாளி இரு தரப்பையும் துறைவாரி அமைப்புகளில் சேர்த்து அரசின் கீழ் வைக்கும் முறை) ஒன்றாக்கிப் பேசுவது தவறு. ஆலை யாருடையது, லாபம் யாருக்கு என்று முதலில் கேட்க வேண்டும்.

சோவியத் ஒன்றியத்தில் ஆலையே அரசுடைமை. உற்பத்தி இலக்கைத் திட்டக்குழுவான கோஸ்பிளான் வகுத்தது. இலக்கு டன் கணக்கில் இருந்தால், ஆலைகள் தேவைக்கு மேல் கனமான பொருளாகச் செய்து கணக்கை முடித்தன. மக்களுக்கு வேண்டியது கடையில் கிடைக்கவில்லை. சுதந்திரமான தொழிற்சங்கமும் அங்கே இல்லை. இதை மறைக்கத் தேவையில்லை.

இத்தாலியிலோ ஆலை முதலாளியிடமே இருந்தது. 1925 அக்டோபரில் தொழிலதிபர் கூட்டமைப்பு பாசிசத் தொழிற்சங்கத்தை மட்டும் அங்கீகரித்தது. 1926 ஏப்ரல் சட்டம் வேலைநிறுத்தத்தையும் கதவடைப்பையும் தடை செய்தது. தகராறு தொழிலாளர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். 1934-இல் தானியம், ஜவுளி என்று துறைவாரியாக 22 கார்ப்பரேஷன்கள், அதாவது அந்தந்தத் துறைக்கான அரசு அமைப்புகள், வந்தன. முதலாளி, தொழிலாளி இரு தரப்புக்கும் சம இடம், கூடவே பாசிசக் கட்சிக்காரர்கள். ஆனால் தொழிலாளர் பக்கம் உட்கார்ந்தவர்களைத் தொழிலாளர்கள் தேர்ந்தெடுக்கவில்லை, மேலிருந்து நியமித்தார்கள். கொடுமை இங்கேதான். 1927-இலும் 1930-இலும் கூலியை வெட்டியபோது வேலையை நிறுத்தக்கூட வழியில்லை. 1933-இல் ஐ.ஆர்.ஐ. என்ற அரசு நிறுவனம் ஆலைப் பங்குகளை எடுத்துக்கொண்டதைத் தேசியமயம் என்கிறார்கள். அது மூழ்கிக்கொண்டிருந்த பெரிய வங்கிகளைக் கரையேற்றிய ஏற்பாடு.

முதலாளியும் தொழிலாளியும் ஒன்றாக உட்கார்ந்தாலே அது இத்தாலி முறை ஆகிவிடாது. ஸ்வீடனில் 1938-இல் சால்ட்ஷோபாடன் என்ற ஊரில் முதலாளிகளும் தொழிற்சங்கமும் பேசித்தான் ஒப்பந்தம் போட்டார்கள். அங்கே சங்கம் சுதந்திரமானது, வேலைநிறுத்த உரிமையும் பறிபோகவில்லை.

– ஒரு வாசகர், திருச்சி