மீளும் மாற்றமெல்லாம் இயற்பியல் மாற்றம் அல்ல

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். நடுநிலைப் பள்ளியில் 31 ஆண்டுகள் அறிவியல் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். ஏழாம் வகுப்பு படிக்கும் என் பேத்தி போன வாரம் தேர்வுத் தாளைக் கொண்டுவந்து, "அப்பாயி, நான் எழுதினது தப்பா?" என்று கேட்டாள்.

வேதியியல் மாற்றத்துக்கு ஓர் எடுத்துக்காட்டு கேட்டிருந்தார்கள். மஞ்சள் தடவிய தாளில் சோப்புத் தண்ணீர் பட்டால் சிவக்கும், எலுமிச்சைச் சாறு விட்டால் மறுபடி மஞ்சளாகும் என்று எழுதியிருக்கிறாள். அதை அடித்துவிட்டு, பக்கத்தில் 'மீள் மாற்றம், ஆகவே இயற்பியல்' என்று குறித்திருந்தது.

அவள் எழுதியது முழுக்கச் சரி. மஞ்சளுக்கு நிறம் தருவது குர்குமின் என்ற பொருள். சோப்பிலுள்ள காரம் அதோடு வினைபுரிவதால் சிவக்கிறது. எலுமிச்சையின் அமிலம் அந்த வினையைத் திருப்பிவிடுகிறது. சிவந்ததும் வேதிவினை, பழையபடி மஞ்சளானதும் வேதிவினை. வேட்டியில் பட்ட குழம்புக் கறை சோப்புப் போட்டதும் சிவப்பதை நம் வீடுகளில் பார்க்காதவர் உண்டா? ஆரத்தித் தண்ணீரில் மஞ்சளோடு சுண்ணாம்பைக் கரைப்பதும் இந்தச் சிவப்புக்காகத்தான்.

'திரும்பினால் இயற்பியல், திரும்பாவிட்டால் வேதியியல்' என்பது மனப்பாடத்துக்கு வசதியான சூத்திரம். ஆனால் ஒரு தாளைச் சுக்குநூறாகக் கிழித்தால் அதைப் பழையபடி ஆக்க முடியுமா? முடியாது. அதற்காக அது வேதியியல் மாற்றம் ஆகிவிடாது. ஒவ்வொரு துண்டும் தாள்தான். புதுப் பொருள் உண்டானதா என்பதுதான் கேள்வி.

நான் இந்தப் பாடத்தைக் கற்பூரத்தில் தொடங்குவேன். ஒரு வில்லையைத் தட்டில் வைத்து ஜன்னலோரம் விட்டுவிடுவோம். நாளுக்கு நாள் சிறுத்துக்கொண்டே வரும். அறையில் கற்பூர வாசனை இருக்கும். திடநிலையிலிருந்து நேராக ஆவியாகிறது, அவ்வளவுதான். இன்னொன்றைக் கொளுத்தி, மேலே எவர்சில்வர் தட்டைப் பிடித்தால் கரி படியும். அந்தக் கரி கற்பூரம் இல்லை. ஒரே பொருளில் இரண்டு மாற்றங்களையும் கண்ணால் பார்த்த பிள்ளைக்கு வரையறையைத் தனியாக எழுதிப் போட வேண்டியதில்லை.

குமிழ் வந்தால் வேதியியல் என்று எழுதும் பிள்ளைகளும் உண்டு. கொதிக்கும் தண்ணீரிலும் குமிழ் வரும். அதற்கு மேல் ஒரு தட்டைப் பிடித்தால் தண்ணீர்த் துளியாகவே வந்து நிற்கும். சமையல் சோடாவில் எலுமிச்சை பிழிந்தாலும் குமிழ் வரும்; அந்த வாயுவைத் தெளிந்த சுண்ணாம்பு நீரில் விட்டால் பால்போல் வெளுத்துவிடும். அது புதிதாக உண்டான பொருள்.

ஒரு வருடம் ஒரு பையன் எழுந்து, "இட்லி மாவு எதில் சேரும் டீச்சர்?" என்று கேட்டான். அந்தப் பாடவேளை முழுவதும் அதிலேயே போயிற்று. அரைப்பது இயற்பியல் மாற்றம். இரவில் நுண்ணுயிர்கள் மாவிலுள்ள சர்க்கரையை லாக்டிக் அமிலமாக்கிப் புளிக்க வைப்பதும், வாயு உண்டாகி மாவு பொங்குவதும் வேதியியல் மாற்றம். அதை அவர்களே பேசிப் பேசிக் கண்டுபிடித்தார்கள். அன்று நடத்த நினைத்த பாடம் நின்றுபோனதில் எனக்கு இன்றுவரை வருத்தமில்லை.

விடைக்குறிப்பு தயாரிப்பவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்: அந்தச் சூத்திரத்தை எடுத்துவிடுங்கள். இயற்பியலா வேதியியலா என்று ஒரு சொல்லில் கேட்பதை விட்டு, 'எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறாய்?' என்று கேட்டு அதற்கு மதிப்பெண் கொடுங்கள்.

பேத்தி தேர்வுத் தாளைக் கொண்டுவந்த அன்று இரவே சமையலறையில் நானும் அவளும் மஞ்சள் தாள் செய்தோம். மூன்று முறை சிவக்க வைத்து மூன்று முறை மஞ்சளாக்கினாள். அந்தத் தாளை நோட்டுக்குள் வைத்து, திங்கட்கிழமை தன் ஆசிரியரிடம் காட்டப் போகிறாள். அவர் அதை வாங்கிப் பார்க்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற அறிவியல் ஆசிரியை,
தஞ்சாவூர்.