ஏதென்ஸ் சன்ஷேடு பெங்களூருக்குப் பொருந்தாது

ஆசிரியர் அவர்களுக்கு,

பெங்களூரு மாநாட்டு அரங்கங்களுக்கு மத்தியதரைக்கடல் பாணியே ஏற்றது என்று ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தோம். வெள்ளைச் சுவரும் திறந்த முற்றமும் அழகுதான். அங்கே அவை ஏன் எடுபடுகின்றன என்பதைக் கட்டுரை தொடவே இல்லை.

மத்தியதரைக்கடல் பகுதி நகரான ஏதென்ஸ் 38 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. ஜூன் நண்பகலில் சூரியன் அடிவானத்திலிருந்து 75 டிகிரிக்குச் சற்று மேலே நிற்பதால், தெற்குச் சுவரில் 1 மீட்டர் சன்ஷேடு கீழ்நோக்கி ஏறத்தாழ 3.8 மீட்டருக்கு நிழல் தரும். டிசம்பரில் 28 டிகிரிக்கு இறங்கி உள்ளே வரும் வெயில் அவர்களுக்குத் தேவை, குளிர்காலம் ஆயிற்றே. 13 டிகிரியில் இருக்கும் பெங்களூரில் டிசம்பர் நண்பகல் வெயில் 53 டிகிரியில் அடிக்கும். அதே சன்ஷேடு 1.3 மீட்டரோடு நின்றுவிடும். போதாததற்கு ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுவரை சூரியன் வடக்குப் பக்கம் வந்துவிடுகிறது. வடக்குதானே என்று முழுக் கண்ணாடி வைத்தால், காலையும் மாலையும் திரையை இழுத்துவிட்டு விளக்கைப் போட வேண்டியதுதான். வடக்குச் சுவரில் செங்குத்துத் தடுப்புகள் வேண்டும்.

மத்தியதரைக்கடல் பாணியிலிருந்து எடுக்க வேண்டியது இரவுக் காற்றோட்டம். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை இங்கே பகல் வறட்சி, இரவு குளிர்ச்சி. இரவு 10 முதல் காலை 6 வரை மேல் ஜன்னல்கள் திறந்திருந்தால் கான்கிரீட் கூரை ஆறிவிடும். பகலில் கூட்டத்தின் சூட்டை வாங்கிக்கொள்ளும். ஒருவர் சும்மா உட்கார்ந்திருந்தாலே சுமார் 100 வாட். 1,000 பேருக்கு மட்டும் 28 டன் ஏசி! இந்த ஏற்பாடு கெடுவது பெரும்பாலும் கட்டுமானத்தின் கடைசி மாதத்தில்: இன்டீரியர்காரர் ஜிப்சம் ஃபால்ஸ் சீலிங் போட்டுக் கான்கிரீட்டை மூடிவிடுவார். எதிரொலி பயம், நியாயமான பயம்தான். ஒலி உறிஞ்சும் பலகைகளை இடைவெளிவிட்டுச் செங்குத்தாகத் தொங்கவிட்டால் எதிரொலியும் அடங்கும், காற்றும் கான்கிரீட்டைத் தொடும்.

ஜன்னல் மோட்டாருக்கு வெப்பம் அளக்கும் சென்சார் மட்டும் போதாது, ஈரப்பதமும் அளக்க வேண்டும். இல்லாவிட்டால் மழை இரவில் ஈரக்காற்று புகுந்து, காலையில் ஏசி போட்டதும் காற்று வரும் வாய்கள் வியர்த்துச் சொட்டும். (புறாவுக்கு வலையும் வேண்டும், வலையைக் கழுவ ஆளும் வேண்டும்.)

ஏதென்ஸில் கோடையில் மழை அபூர்வம். இங்கே மே முதல் அக்டோபர் வரை மழைதான். 1,000 சதுர மீட்டர் முற்றத்தில் ஒரு மணி நேரத்தில் 50 மில்லிமீட்டர் கொட்டினால் 50,000 லிட்டர். தரைக்கு 100-க்கு 1 சரிவு, சுற்றிலும் கம்பிமூடி போட்ட கால்வாய் அவசியம். மழைநீர்த் தொட்டியின் அளவை முற்றத்தின் பரப்பை வைத்துத்தான் கணக்கிட வேண்டும். கார் நிறுத்துமிடம் போக மிஞ்சும் மூலையை வைத்து அல்ல.

கட்டட வடிவமைப்பாளர்கள் இருவர்,
அல்சூர், பெங்களூரு