பூட்டு அக்கரையில், சாவி இக்கரையில்

அன்புள்ள மாப்பிள்ளை,

தீபாவளிக்கு நீ எழுதிய கடிதத்துக்கு இன்னும் பதில் போடவில்லை. கோபமாக இருப்பாய், அது நியாயம்தான். வீட்டில் எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் தேவலை. வாத்தியாருக்குப் பேரன் பிறந்த செய்தி உனக்கும் வந்திருக்கும். நலம் விசாரிப்பு போதும்; ஒரு விஷயம் பத்து நாளாக மனத்தைக் குடைகிறது.

மேற்கு வர்ஜீனியாவில் குடியிருக்கும் நான், ஓஹாயோ ஆற்றுக்கு அக்கரையில், ஓஹாயோ மாநிலத்தின் கேலியா கவுண்டியில் (நம்மூர் மாவட்டம்போல) வாங்கிய 22 ஏக்கர் நினைவிருக்கிறதா? "இந்தச் சரிவில் எதை விதைப்பாய்?" என்று கேட்டாயே, அதே நிலம். நன்றி நவிலல் விடுமுறை முடிந்த திங்கட்கிழமை அங்கே துப்பாக்கியால் மான் வேட்டையாடும் பருவம் தொடங்கியது. விடியும் முன்பே போய்விட்டேன். ஓடையோரச் சேற்றில் குளம்புத் தடங்கள், இரண்டு பிறைகளைச் சேர்த்து வைத்ததுபோல, விளிம்புகூடக் கலையாமல் பனியில் இறுகிக் கிடந்தன. எட்டு மணிக்கு வேலிக்கு அப்பால் ஒரு வெடிச் சத்தம். பக்கத்து நிலத்துப் பெரியவர் ஓர் ஆண் மானைச் சாய்த்திருந்தார். போய்க் கை கொடுத்தேன். அவர் ஓர் அட்டைத் துண்டில் பெயர், தேதி, நேரம், கவுண்டி என்று பென்சிலால் எழுதி, சணல் கயிற்றால் கொம்பில் கட்டினார். அவரிடம் வேட்டை உரிமம் கிடையாது. வேண்டியதும் இல்லை. ஓஹாயோவில் குடியிருப்பவர் சொந்த நிலத்தில் உரிமம் இல்லாமலே வேட்டையாடலாம். பருவமும் எண்ணிக்கை வரம்பும் அவருக்கும் உண்டு, அடித்த மானைப் பதிவும் செய்ய வேண்டும். கட்டணம் மட்டும் இல்லை.

வேலிக்கு இந்தப் பக்கம் நானும் சொத்து வரி கட்டுகிறேன். என் சட்டைப் பையிலோ வெளிமாநிலத்தவருக்கான உரிமம், உள்ளூர்க்காரர் கட்டுவதைப்போல் பல மடங்கு கொடுத்து வாங்கியது.

வீடு திரும்பியதும் சட்டத்தை எடுத்துப் படித்தேன். ஓஹாயோ என்னை அடியோடு ஒதுக்கவில்லை, மாப்பிள்ளை. வெளிமாநிலத்து நில உரிமையாளரும் தன் நிலத்தில் உரிமம் இல்லாமல் வேட்டையாடலாம். ஒரே நிபந்தனை, அவர் குடியிருக்கும் மாநிலம் அங்கே நிலம் வைத்திருக்கும் ஓஹாயோக்காரருக்கும் அதே சலுகையைத் தர வேண்டும். நம் மேற்கு வர்ஜீனியாவோ அந்தச் சலுகையை இங்கே குடியிருக்கும் நில உரிமையாளருக்கு மட்டும் என்று வைத்திருக்கிறது. ஆக, பூட்டு ஓஹாயோவில் தொங்குகிறது. சாவி நான் வாக்களிக்கும் ஊரில் இருக்கிறது!

இத்தனைக்கும், இரு மாநிலங்களுக்கும் நடுவே ஓடும் ஓஹாயோ ஆற்றில் எந்தக் கரையின் மீன்பிடி உரிமமும் செல்லும். ஆற்றில் முடிந்த சமரசம் ஏன் கரையேற மறுக்கிறது?

நீ மேரிலாந்தில் இருந்துகொண்டு வர்ஜீனியாவின் ஷெனாண்டோவாப் பள்ளத்தாக்கில் நிலம் வைத்திருக்கிறாய். வர்ஜீனியா உன்னை எந்த ஊர் என்று கேட்பதே இல்லை. அங்கே குடியிருந்தாலும் இல்லாவிட்டாலும் நில உரிமையாளர், மனைவி, பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், பெற்றோர் எல்லோருக்கும் அந்த நிலத்தில் வேட்டைக்கும் மீன்பிடிக்கும் விலக்கு உண்டு. கொடுத்து வைத்தவனடா நீ.

வழக்குப் போடு என்பாய். அந்தக் கதவு 1978-லேயே மூடப்பட்டுவிட்டது. மொன்டானாவில் 1976-ல் எல்க் மான் உரிமம் உள்ளூர்க்காரருக்கு 9 டாலர். வெளிமாநிலத்தவர் 225 டாலர் கொடுத்துப் பல விலங்குகளுக்கும் சேர்த்த கூட்டு உரிமம் வாங்க வேண்டும். அதை எதிர்த்த பால்ட்வின் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், நீதிபதிகள் 6-3 என்று பிரிந்து, அது செல்லும் என்றது. பொழுதுபோக்கு வேட்டை அடிப்படை உரிமை அல்ல என்பது அவர்கள் சொன்ன காரணம்.

ஆத்திரம் தணிந்த பிறகு எனக்கும் சில விஷயங்கள் உறைத்தன. நிலம்தான் என்னுடையது, அதில் மேயும் மான் என்னுடையது அல்ல, பொதுச் சொத்து. இரவில் பக்கத்து நிலத்தில் படுத்துக் காலையில் என் ஓடையில் தண்ணீர் குடிக்கிறது. 1937-ன் பிட்மன்-ராபர்ட்சன் சட்டப்படி, துப்பாக்கி, தோட்டா மீதான கலால் வரி வனவிலங்குப் பாதுகாப்புக்காக மாநிலங்களுக்குப் பிரிகிறது. அதில் பாதியைப் பரப்பளவும், பாதியைக் கட்டணம் செலுத்தி உரிமம் பெற்றவர்களின் எண்ணிக்கையும் தீர்மானிக்கின்றன. விலக்குப் பெற்றவன் அந்தக் கணக்கில் ஏறவே மாட்டான். அதனால் எனக்கு இலவசம் வேண்டாம். நில உரிமையாளர் எங்கே குடியிருந்தாலும் உள்ளூர்க்காரர் கட்டும் அதே கட்டணத்தைக் கட்டட்டும், தலைக்கணக்கிலும் ஏறட்டும். கால் ஏக்கர் வாங்கிவிட்டுச் சலுகை கேட்பவர்களைத் தடுக்கக் குறைந்தபட்சப் பரப்பளவு வைக்கலாம். என்னைக் கேட்டால் அதுதான் நேர்மை. ஆனால் இன்றைய சட்டத்தில் இருப்பது முழு விலக்கு ஒன்றுதான். அது இருக்கும்வரை, குடியிருக்கும் ஊரைப் பார்த்து ஒருவனுக்குக் கொடுத்து இன்னொருவனுக்கு மறுப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஜனவரியில் எங்கள் தலைநகர் சார்ல்ஸ்டனில் சட்டமன்றம் கூடும், 60 நாள்தான். எங்கள் தொகுதி உறுப்பினருக்கு எழுதப் போகிறேன். இங்கே ஒரு வரி மாறினால் அக்கரைப் பூட்டு தானாகத் திறக்கும். வர்ஜீனியா சட்டத்தின் வாசகம் உன்னிடம் இருக்குமே, அதை அனுப்பிவை. விடுதி நாட்களில் மெஸ் கட்டணத்துக்கு நாம் எழுதிய மனு ஞாபகமிருக்கிறதா? எழுதியவன் நீ, கையெழுத்து வாங்கியவன் நான். இந்த முறையும் வரைவை நீயே எழுது. பொங்கலுக்குள் வந்தால் நல்லது.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்
ஹன்டிங்டன்