வசந்தாவுக்கு, வேல்ஸ் கோட்டைகளைப் பார்த்த கையோடு

அன்புள்ள வசந்தா,

இங்கே எல்லாரும் சுகம். பேரன் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கத் தொடங்கிவிட்டான். இவருக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. உன் முழங்கால் எப்படி இருக்கிறது? அண்ணா இன்னும் பேப்பரை மத்தியானம் வரை யாருக்கும் விடுவதில்லையா? பெரிய டீச்சர் வீட்டுக் கல்யாணத்தைப் பற்றி நாலு பக்கம் எழுதியிருக்கிறாய், மஞ்சள் குடை வந்ததா இல்லையா என்று ஒரு வரி இல்லை. நான் கேட்டதே அது ஒன்றைத்தானே!

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் மகன் எங்கள் இருவரையும் வடக்கு வேல்ஸுக்கு அனுப்பிவைத்தான். லான்டட்னோ என்ற கடற்கரை ஊரில் தங்கினோம். அங்கிருந்து ஒரு நாள் முழுக்கக் கோட்டைகள். கும்பலோடு பஸ்ஸில் போகவில்லை. ஒரு கார், அதை ஓட்டுகிறவரே வழிகாட்டி, நாங்கள் இரண்டு பேர், அவ்வளவுதான். திரும்பி வந்ததிலிருந்து மனம் அதிலேயே நிற்கிறது. போனில் சொன்னால் நீ வாக்கியத்துக்கு வாக்கியம் குறுக்கே புகுந்து, எனக்குத் தெரியும் எனக்குத் தெரியும் என்பாய். அதனால்தான் கடிதம். முழுக்கப் படித்துவிட்டுப் பேசு.

வழிகாட்டி ஐம்பது வயது மதிக்கத்தக்க பெண்மணி. சட்டையில் நீல நிற பேட்ஜ். அது இங்கே சும்மா கிடைப்பதில்லையாம். படித்து, தேர்வு எழுதி, இடத்திலேயே நின்று பேசிக் காட்டித் தேறினால்தான் தருவார்கள். தாய்மொழி வெல்ஷ். காரில் ஏறியதும் அந்த அம்மா முதலில் கேட்டது, "படி ஏறுவீர்களா?" என்றுதான். இவர், எவ்வளவு வேண்டுமானாலும் என்றார். அந்த அம்மா என் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு, ஹார்லெக் கோட்டையை அங்கேயே விட்டுவிட்டார். அது பாறை உச்சியில் இருக்கிறது, தூரமும் அதிகம், அதையும் சேர்த்தால் எதையும் நின்று பார்க்க முடியாது என்றார். எனக்கு அப்போதே அவரைப் பிடித்துவிட்டது.

லான்டட்னோவுக்குப் பக்கத்திலேயே கான்வி கோட்டை இருக்கிறது. எல்லாரும் அதில்தான் தொடங்குவார்களாம். அந்த அம்மா அதைக் கடைசிக்கு வைத்தார். முதலில் ஆற்றோரமாக மேலே போய் லான்ரூஸ்ட் என்ற சின்ன ஊரின் தேவாலயத்தில் நிறுத்தினார். உள்ளே ஒரு கல் சவப்பெட்டி. மூடியும் இல்லை, உள்ளே ஒன்றும் இல்லை. வேல்ஸின் பெரிய அரசர் லவெலின் ஆப் யோர்வெர்த் என்பவருடையது, 1240இல் இறந்தவர். இது ஏன் இங்கே கிடக்கிறது என்று கேட்டேன். "சாயங்காலம் சொல்கிறேன்" என்று காரைக் கிளப்பிவிட்டார். உன்னைத்தான் நினைத்துக்கொண்டேன். மணி அடிக்கிற நேரம் பார்த்து, யாரைக் கொன்றார்கள் என்று சொல்லாமலே புத்தகத்தை மூடிவிட்டுப் போவாயே, அதே வித்தை. பிள்ளைகள் அடுத்து வரும் என் கணக்கு வகுப்பில் அதைப் பற்றியே குசுகுசுத்துக்கொண்டிருப்பார்கள்.

அப்புறம் மலைக் கணவாய் வழியாக லான்பெரிஸ். ஏரிக்கு மேலே டோல்படார்ன் என்று ஒற்றை வட்டக் கோபுரம் நிற்கிறது. எதிர்மலையைக் காலகாலமாகச் சிலேட் கல்லுக்காக அறுத்திருக்கிறார்கள், மலையே படிக்கட்டாகிவிட்டது. இந்தக் கோபுரம் வேல்ஸ் அரசர்களே கட்டிக்கொண்டது. மற்றக் கோட்டைகளெல்லாம் அவர்களை அடக்கக் கட்டியவை. முதலில் இதைப் பார்க்காமல் அவற்றைப் பார்த்தால் பாதிதான் புரியும் என்றார் அந்த அம்மா. 1282 டிசம்பர் 11 அன்று லவெலினின் பேரன், அவன் பெயரும் லவெலின்தான், போரில் கொல்லப்பட்டான். அவன் தம்பி தாஃபித் மலைகளுக்குள் இன்னும் சில மாதம் தாக்குப்பிடித்தான். டோல்படார்ன்தான் அவனுக்குக் கடைசிப் புகலிடங்களில் ஒன்று. 1283இல் அவனையும் பிடித்து, அக்டோபரில் ஷ்ரூஸ்பரியில் கொடூரமாகக் கொன்றார்கள். ஜெயித்தவர் இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்ட். அடுத்த வருஷமே இந்தக் கோபுரத்தின் மரங்களைக் கழற்றிக் கொண்டுபோய், கடலோரத்தில் எழும்பிக்கொண்டிருந்த கர்னார்வன் கோட்டைக்குப் போட்டார்களாம். இதை அவர் சொன்னபோது வழி பார்த்து இறங்கிக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். தோற்றவன் வீட்டு உத்திரத்தை எடுத்து ஜெயித்தவன் தன் வீட்டுக்குப் போட்டுக்கொள்கிறான்!

அங்கிருந்து கர்னார்வன் கொஞ்ச தூரம்தான். வசந்தா, அழகு என்றால் அப்படி ஓர் அழகு. கோபுரங்கள் வட்டமாக இல்லை, பல பட்டைகளாக இருக்கின்றன. சுவரில் இரண்டு நிறக் கற்கள் பட்டை பட்டையாக ஓடுகின்றன. கான்ஸ்டான்டினோப்பிள் நகரச் சுவரை மனத்தில் வைத்துக் கட்டியதாகச் சொல்கிறார்கள். ரோமானியப் பேரரசர்களின் வாரிசு நான் என்று எட்வர்ட் கல்லிலேயே எழுதிக்கொண்டாராம். நீ இருந்தால் அதிலேயே ஒரு மணி நேரம் பேசியிருப்பாய். நான் அம்பெய்யும் துளைகளுக்குப் போய்விட்டேன். ஒரு பக்கச் சுவரில், உள்ளே வேறு வேறு கோணத்தில் நிற்கும் வில்லாளிகள் எல்லாருக்கும் வெளியே ஒரே பிளவு. வெளியிலிருந்து பார்த்தால் ஒரே ஒரு குறுகிய கோடு. சந்திக்கும் கோடுகள் பாடம் எடுக்கும்போது இது தெரிந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்! வாசலுக்கு ஐந்து கதவுகள், மேலிருந்து இறங்கும் ஆறு இரும்புத் தடுப்புகள் என்று திட்டம். முழுதாக முடிக்கவே இல்லை. 1284இல் எட்வர்டின் மகன் இங்கேதான் பிறந்தான். 1301இல் அவனுக்கே வேல்ஸ் இளவரசன் என்று பட்டம் கட்டினார். ஊர்க்காரர்களின் பட்டத்தை எடுத்து மகன் தலையில் வைத்துவிட்டார். 1969இல் சார்ல்ஸுக்கும் இதே கோட்டை முற்றத்தில்தான் அந்தச் சடங்கு நடந்தது.

அந்த முற்றத்தில் உட்கார்ந்திருந்தபோது அந்த அம்மா சொன்னதை எழுதுகிறேன். சின்ன வயதில் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிவந்தபோது கோபுரம் கோபுரமாக ஓடி விளையாடினாராம். வீட்டுக்குப் போய்க் குதித்துக் குதித்துச் சொல்ல, தாத்தா கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அது நம்மைப் பார்த்துக் கட்டியதம்மா" என்றாராம். அவர் கடைசி வரை அதற்குள் காலெடுத்து வைக்கவில்லையாம். இந்த அம்மாவோ வாரம் தவறாமல் வருகிறார், பிழைப்பே இதுதான். கோபமாகவும் சொல்லவில்லை, வருத்தமாகவும் சொல்லவில்லை. கல்லைத் தடவிக்கொண்டே சொன்னார்.

மத்தியானத்துக்கு மேல் மேனாய் நீரிணையைத் தாண்டி ஆங்கிள்சி தீவில் பியூமாரிஸ். 1294இல் வேல்ஸ் மக்கள் மடோக் என்பவன் தலைமையில் கிளர்ந்து கர்னார்வனையே பிடித்துவிட்டார்கள். அதை அடக்கிய கையோடு 1295இல் இதைத் தொடங்கினார்கள். கோட்டைக்குள் கோட்டை, சுற்றிலும் அகழி, இடமும் வலமும் அச்சாக ஒன்று. காம்பஸ் வைத்து வரைந்ததுபோல் இருக்கிறது. நான்கு கோட்டைகளிலும் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். உயரம் மட்டும் குறை, பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள்.

ஏன் நிறுத்தினார்கள் என்பதற்கு ஒரு கடிதமே இருக்கிறது. கட்டிய தலைமைக் கொத்தனார் சவாய் நாட்டிலிருந்து வந்தவர், மாஸ்டர் ஜேம்ஸ் என்பார்கள். 1296 பிப்ரவரியில் அவர் பெயரில் கஜானா அதிகாரிகளுக்குக் கடிதம் போகிறது. வாரத்துக்கு இவ்வளவு பணம் எங்கே போகிறது என்று நீங்கள் ஆச்சரியப்படலாம் என்று ஆரம்பித்துக் கணக்குச் சொல்கிறார்: கல் தச்சர்கள் 400, கூலியாட்கள் 2,000, குவாரியில் 200, கல்லும் கரியும் கொண்டுவரப் படகுகள் 30. ஆட்களுக்குச் சம்பளம் பாக்கி நிற்கிறது, சாப்பிடவே வழியில்லாதவர்களை எப்படிப் பிடித்துவைப்பது என்கிறார். முடித்த பிறகும் மனம் கேட்காமல் கீழே இன்னொரு வரி, கடவுள் பெயரால் பணத்தைச் சீக்கிரம் அனுப்புங்கள், இல்லாவிட்டால் இதுவரை செய்தது அத்தனையும் வீண் என்று. அந்த அம்மா இதைச் சொல்லும்போது நாங்கள் அகழிக்குப் பக்கத்தில் நின்றிருந்தோம். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. பணம் ஸ்காட்லாந்துப் போருக்குப் போய்விட்டது. அந்த 2,000 பேரில் ஒருவர் பெயராவது யாருக்காவது தெரியுமா?

ஆனால் என்னைத் தூங்கவிடாத விஷயம் வேறு. பியூமாரிஸுக்குப் பக்கத்தில் லான்வைஸ் என்று ஒரு துறைமுக ஊர் இருந்தது. சந்தை, படகுத்துறை எல்லாம் உள்ள செழிப்பான ஊர். புதுக் கோட்டைக்கும் அதை ஒட்டிய ஆங்கிலேயர் குடியிருப்புக்கும் அது இடைஞ்சல். அந்த வெல்ஷ் குடும்பங்களை அப்படியே கிளப்பி, தீவின் இன்னொரு மூலைக்கு, 12 மைல் தள்ளி அனுப்பினார்கள். அந்த இடத்துக்கு நியூபரோ என்று பெயர், புது ஊர். காலையில் காலிப் பெட்டியைப் பார்த்தோமே, அந்தப் பெரிய லவெலினின் மனைவி ஜோனை அடக்கம் செய்தது லான்வைஸில்தான். அவளுடையது என்று சொல்லப்படும் கல்பெட்டி, அங்கிருந்த மடம் அழிந்த பிறகு குதிரைகளுக்குத் தண்ணீர்த் தொட்டியாகக் கிடந்ததாம். இப்போது பியூமாரிஸ் தேவாலயத்தில் வைத்திருக்கிறார்கள்.

உன் அம்மாச்சியை நினைத்தேன். அணைக்காக ஊரைக் காலி செய்தபோது, வாசல் நிலையை மட்டும் பெயர்த்து வண்டியில் ஏற்றி வந்ததாகச் சொல்வார்களே. புது ஊர் என்று யாராவது சொன்னால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்களே. அவர்கள் சொன்னதில் உனக்கு நினைவிருப்பதை எழுதிவைத்திருக்கிறாயா? விளையாட்டுக்குக் கேட்கவில்லை. முப்பது வருஷம் ஊரார் பிள்ளைகளுக்கு அரசர்களின் வருஷங்களைச் சொல்லிக்கொடுத்தாய். அம்மாச்சி ஊரில் எந்தத் தெருவில் யார் வீடு இருந்தது என்று சொல்ல இப்போது உன்னை விட்டால் ஆள் இல்லை. ஒரு நோட்டு எடுத்து உட்கார்.

சாயங்காலம் கான்வி. எட்டுக் கோபுரங்கள், ஊரைச் சுற்றி 1.3 கிலோமீட்டர் மதில், அதில் 21 கோபுரங்கள். கோட்டை 1283இல் தொடங்கி நாலே வருஷத்தில் முடிந்திருக்கிறது. மதில் மேல் ஏறி நடந்தோம், இவர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். காலையில் விட்ட கதையை அங்கேதான் அந்த அம்மா முடித்தார். இந்த இடத்தில் முன்பு ஒரு மடம் இருந்தது. லவெலினை அடக்கம் செய்தது அங்கேதான். எட்வர்ட் வேறு இடம் தேடவில்லை. துறவிகளை ஆற்றின் மேல்பக்கம் மேனன் என்ற ஊருக்குக் குடிபெயர்த்துவிட்டு, அந்த இடத்திலேயே கோட்டையும் ஊரும் எழுப்பினார். துறவிகள் போகும்போது அரசரின் பெட்டியையும் கொண்டுபோனார்கள். பின்னாளில் அந்த மடமும் கலைக்கப்பட்டு, பெட்டி லான்ரூஸ்ட் வந்து சேர்ந்தது. கணவன் பெட்டி ஓரூரில், மனைவி பெட்டி ஓரூரில், இரண்டும் காலி.

உனக்குப் பிடித்த மாதிரி ஒரு கதையும் உண்டு. 1401 புனித வெள்ளியன்று, காவல்காரர்கள் தேவாலயத்துக்குப் போயிருந்த நேரம், தச்சு வேலைக்கு வந்தோம் என்று உள்ளே நுழைந்து டியூடர் என்ற வெல்ஷ் குடும்பத்துச் சகோதரர்கள் கான்வி கோட்டையைப் பிடித்துவிட்டார்கள். அவர்களின் இன்னொரு சகோதரனின் கொள்ளுப்பேரன்தான் பின்னால் இங்கிலாந்துக்கே மன்னனான ஏழாம் ஹென்றி. பானிபட்டை விட்டுவிட்டு இதை எடுத்திருந்தால் உன் வகுப்பில் ஒருத்தியும் தூங்கியிருக்க மாட்டாள்.

ராத்திரி சாப்பிடும்போது இவருக்கும் எனக்கும் வாக்குவாதம். எழுநூறு வருஷத்துக்கு முந்தைய சங்கதி, கட்டினவனும் போய்விட்டான், விரட்டப்பட்டவனும் போய்விட்டான், இப்போது அது வெறும் அழகு, ரசித்துவிட்டுப் போக வேண்டியதுதானே என்கிறார். எனக்கு அப்படி முடியவில்லை. அழகில்லை என்று நான் சொல்லவே மாட்டேன், பியூமாரிஸை வரைபடமாகவே மறுபடி மறுபடி பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஆனால் லான்வைஸைச் சொல்லாமல் அந்தக் கோட்டையைக் காட்டக் கூடாது. அந்த அம்மா காட்டிய வரிசைதான் சரி. நீ என்ன சொல்கிறாய்? உன் பதிலை இவரிடம் காட்டப்போகிறேன், ஒழுங்காக யோசித்து எழுது.

அடுத்த கோடையில் மகள் வீட்டுக்கு வருகிறாய் அல்லவா, நீயும் அண்ணாவும் இந்த மாதிரியே போய்வாருங்கள். செலவு கூடுதல்தான், மறைக்கவில்லை. ஆனால் காருக்கும் ஆளுக்கும் சேர்த்து ஒரே தொகை, நாலு பேர் சேர்ந்தால் பங்கு குறையும், நாங்களும் வருகிறோம். உன் முழங்காலை முதலிலேயே சொல்லிவிடு. கான்வியிலும் கர்னார்வனிலும் சுழல் படிகள் குறுகலாக, தேய்ந்துபோய் இருக்கின்றன. ஆனால் கீழே முற்றத்தில் நின்றே பார்க்க எவ்வளவோ இருக்கிறது, பியூமாரிஸ் சமதரை. ஒரே நாளில் இத்தனை வேண்டாம், கர்னார்வனையோ கான்வியையோ இன்னொரு நாளுக்கு வைத்துக்கொள்ளலாம். கோடையானாலும் மழைக்கோட்டு வேண்டும். நல்ல வழிகாட்டிகளுக்குக் கோடை முழுக்க ஆள் நிறைந்துவிடுகிறார்களாம், அதனால் டிக்கெட் போட்டதும் தேதியை எழுது. நான் அந்த அம்மாவிடமே பேசிவைக்கிறேன்.

மஞ்சள் குடை விவரமும் சேர்ந்து வர வேண்டும்.

அன்புடன்,
கமலா