முக்காலே அரைக்கால்

ஆசிரியருக்கு,

என் மகளின் டியூஷனில் கணித வரலாறு என்றாலே கிரேக்கர்கள்தான். பித்தாகரசுக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் முன்பே பாபிலோனியர் செங்கோண முக்கோணத்தின் பக்கங்களாக அமையும் எண்களைக் களிமண் பலகையில் பதித்துவிட்டார்கள். அவர்கள் கணக்கு 60-ஐ அடியாகக் கொண்டது. நம் கடிகாரத்தின் 60 நிமிடமும் அங்கிருந்து வந்ததே. எகிப்தியர் 7/8-ஐ அரை, கால், அரைக்கால் (1/8) என்று பிரித்து எழுதினார்கள்.

சரி, அவ்வளவு தூரம் எதற்கு? கொத்தவால் சாவடியில் மூட்டைக் கணக்கு எழுதிய என் தாத்தா அதே 7/8-ஐ ‘முக்காலே அரைக்கால்’ என்பார். 1/320 அவருக்கு ‘முந்திரி’. கேட்டதும் மகள் சிரித்துவிட்டாள். அப்புறம் பென்சிலை எடுத்துக் கூட்டிப் பார்த்தாள். ராமானுஜன் துறைமுகக் குமாஸ்தாவாக இருந்த இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு, பாடப்புத்தகத்தில் இதற்கு ஒரு பக்கமாவது ஒதுக்கலாமே?

- ஒரு வாசகர், பழைய வண்ணாரப்பேட்டை