உன் பெயர் வரும்வரை உட்கார்ந்திருந்தேன்

அன்பு மகளுக்கு,

நேற்று ஃபோனில், "படம் எப்படிப்பா இருந்துச்சு?" என்று கேட்டாய். "நல்லா இருந்துச்சும்மா" என்றேன். அதற்குமேல் நீ எதுவும் கேட்கவில்லை. ஃபோனை வைத்த பிறகுதான் உறுத்தியது. அந்த சூப்பர்ஹீரோ படத்தின் கிராஃபிக்ஸுக்காக எட்டு மாதம் ராத்திரி பகல் பார்க்காமல் உழைத்த பெண்ணுக்கு அப்பா சொல்கிற பதிலா அது? அதனால்தான் எழுதுகிறேன். பிடித்ததையும் எழுதுகிறேன், பிடிக்காததையும் எழுதுகிறேன்.

முதல் பாதி எனக்கு மிகவும் பிடித்தது. தனக்குச் சக்தி வந்ததே தெரியாமல் அந்தப் பையன் கதவைத் திறக்கப் போகிறான், கைப்பிடி கையோடு வந்துவிடுகிறது. திருதிருவென்று விழித்தபடி அதை முதுகுக்குப் பின்னால் ஒளிக்கிறான். பதின்மூன்று வயதில் நீ ஒரே வருடத்தில் மளமளவென்று வளர்ந்து, போகிற வழியெல்லாம் எதிலாவது இடித்துக்கொண்டு திரிந்தது ஞாபகம் வந்தது. தன் உடம்பே தனக்குப் புதிதாகிப்போகும் அந்த வயதின் கூச்சத்தையும் குதூகலத்தையும் இவ்வளவு நேராகக் காட்ட வேறு வகைப் படங்களால் முடிவதில்லை. சூப்பர்ஹீரோ படம் எவ்வளவு சுமாராக இருந்தாலும் இந்த இடத்தில் அநேகமாகச் சறுக்குவதில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நல்லவனை நல்லவனாகக் காட்ட இந்தப் படங்கள் வெட்கப்படுவதில்லை. பலம் கிடைத்தால் அதை யாருக்காகச் செலவழிப்பாய் என்ற கேள்வியை ஐந்து வயதுக் குழந்தைக்கும் புரிகிற மாதிரி கேட்கின்றன. இதைச் சிறுபிள்ளைத்தனம் என்று ஒதுக்குகிறவர்களோடு நான் ஒத்துப்போக மாட்டேன்.

ஆனால் ஒருவனுடைய சக்தியை மட்டும் காட்டிக்கொண்டிருந்தால் அவன்மேல் நமக்குப் பாசம் வராது. அந்தச் சக்தி எட்டாத இடம் ஒன்றைக் காட்ட வேண்டும். 1978-இல் வந்த 'சூப்பர்மேன்' படத்தை உனக்கு முதலில் போட்டுக் காட்டியது நான்தான். கிறிஸ்டோபர் ரீவ் பறந்தபோது நீ மூச்சுவிட மறந்து பார்த்தாய். கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ் கைக்கு வராத காலம். கம்பியில் தொங்கவிட்டும், பின்னால் திரை வைத்து அதில் வானத்தைப் பாய்ச்சியும் எடுத்தார்கள். அதற்காக ஆஸ்கரில் சிறப்பு விருதும் கிடைத்தது. எனக்கு அதில் மறக்க முடியாத இடம் வேறு. வளர்த்த அப்பா மாரடைப்பில் விழுந்து இறந்துவிடுகிறார். சற்று முன்புதான் ரயிலையே முந்தி ஓடிய பையன் கல்லறை அருகே நின்று, இத்தனை சக்தி இருந்தும் அவரைக் காப்பாற்ற முடியவில்லையே என்கிறான். அதன்பிறகு அவன் யாரைக் காப்பாற்றப் பறந்தாலும் நமக்கு நெஞ்சு பதறுகிறது. அவனால் முடியாமல் போன ஒரு நாளை நாம் பார்த்திருக்கிறோம் அல்லவா.

நீ வேலை செய்த படத்தின் இரண்டாம் பாதியில் நான் தேடியது அதைத்தான். கிடைக்கவில்லை. வானத்தில் ஓட்டை விழுகிறது, முகமில்லாத படை ஒன்று இறங்குகிறது, உலகத்துக்கே ஆபத்து என்கிறார்கள். உலகத்துக்கே என்று சொன்னதும் யாருக்காகப் பயப்படுவது என்று தெரியாமல் போய்விடுகிறது. அந்தப் பையனின் அக்காவுக்கு மட்டும் ஆபத்து என்றிருந்தால் நான் நாற்காலி நுனிக்கு வந்திருப்பேன்.

வில்லனும் அப்படித்தான். ஹீரோவின் அதே சக்தி, உடையின் நிறம் மட்டும் வேறு. 2021-இல் வந்த மலையாளப் படம் 'மின்னல் முரளி'யை நீயும் பார்த்திருக்கிறாய். அங்கேயும் இரண்டு பேருக்கும் ஒரே மின்னல் இரவில்தான் சக்தி வருகிறது. ஆனால் குரு சோமசுந்தரம் நடித்த ஷிபு, ஊர் ஏளனம் செய்த மனிதன், ஒருத்திக்காக வருடக்கணக்கில் காத்திருந்தவன். அவன் தப்பான வழியில் ஒவ்வொரு அடி வைக்கும்போதும் போய்த் தடுக்க வேண்டும் போல இருந்தது. உங்கள் வில்லன் செத்தபோது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

கண் கலங்குகிற நேரம் பார்த்து யாராவது ஒரு ஜோக் அடித்துவிடுவதும் எனக்குக் கோபத்தை வரவழைத்தது. அந்த நண்பன் இறந்த இடத்தில்கூட, அடுத்த பாகத்தில் எப்படியும் கொண்டுவந்து விடுவார்கள் என்றுதான் மனம் கணக்குப் போட்டது. சாவுக்கு மதிப்பு இருந்தால் என்ன ஆகும் என்று 2019-இல் பார்த்தோமே. 2008-இல் 'அயர்ன் மேன்' தொடங்கிய வரிசையில் 'அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்' 22-ஆவது படம். அயர்ன் மேனாகப் பதினொரு வருடம் கூடவே வந்த டோனி ஸ்டார்க் கண் மூடியபோது நீ என் கையைப் பிடித்துக்கொண்டாய்.

இனி எழுதுவது உனக்கு வலிக்கலாம். அந்தக் கிளைமாக்ஸ் சண்டை முப்பது நிமிடம் ஓடியது, பத்தாவது நிமிடத்திலேயே எனக்குச் சலித்துவிட்டது. நீ இருந்தது அந்தப் பகுதியில்தான் என்பதும் தெரியும். குறை உன் கையில் இல்லை. அந்தச் சண்டை மூன்று தடவை மாறியது என்று நீதான் சொன்னாய். யார் எதற்காக அடித்துக்கொள்கிறார்கள் என்று எழுதியவர்களே முடிவு செய்யாதபோது, கட்டடம் எவ்வளவு தத்ரூபமாக இடிந்தாலும் பார்க்கிறவனுக்கு அது வெறும் கல்லும் மண்ணும்தான். வினாடிக்கு 24 ஃபிரேம். உன் நாலு வினாடி ஷாட்டில் 96 ஃபிரேம். அதற்கு நீ கொடுத்தது மூன்று வாரம். அந்த மூன்று வாரத்துக்குத் தகுதியான ஒரு கதையை அவர்கள் உனக்குத் தந்திருக்க வேண்டும்.

2004-இல் வந்த 'ஸ்பைடர்மேன் 2' ரயில் காட்சியை மறுபடி ஒருமுறை பார். தறிகெட்டு ஓடும் ரயிலை அவன் தன் உடம்பையே கொடுத்து நிறுத்துகிறான். உடை கிழிந்திருக்கிறது, முகமூடி இல்லை. மயங்கிச் சாய்கிறவனைப் பயணிகள் தலைக்குமேல் தூக்கிக் கைமாற்றி உள்ளே கொண்டுபோய்க் கிடத்துகிறார்கள். முகத்தைப் பார்த்த ஒருவர், இவன் சின்னப் பையன், என் மகன் வயதுதான் இருக்கும் என்கிற மாதிரி சொல்கிறார். அங்கேயும் கிராஃபிக்ஸ் உண்டு, வேகம் உண்டு. ஆனால் எத்தனை முறை பார்த்தாலும் அந்தக் கைகளைப் பார்த்துத்தான் நான் அழுகிறேன். காப்பாற்றப்பட்டவர்களுக்கு அங்கே முகம் இருக்கிறது.

உன் படத்திலும் அப்படி ஒரு முகம் இருந்தது, ஒரே ஒரு இடத்தில். பாலம் விழும்போது தூணோரமாக ஒரு கிழவர் குனிந்து நிற்கிறார். மேலேயிருந்து மண் துகள் உதிர்ந்து அவருடைய தோளில் மெல்லப் படிகிறது. அவர் அதைத் தட்டிவிடக்கூட இல்லை. அந்த முப்பது நிமிடத்தில் எனக்கு உண்மையாகவே பயம் வந்தது அப்போதுதான்.

கடைசியில் பெயர்கள் ஓடத் தொடங்கியதும் எல்லோரும் எழுந்து போய்விட்டார்கள். உன் பெயர் வரும்வரை உட்கார்ந்திருந்தேன். பத்துப் பன்னிரண்டு பெயருக்கு நடுவே வந்து சட்டென்று மேலேறிப் போய்விட்டது. உன் ஷாட் எது என்று நீ இதுவரை சொல்லவில்லை. அந்தத் தோளில் விழுந்த மண்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. சரியா என்று எழுது. ஞாயிற்றுக்கிழமை மறுபடி போகிறேன், இந்தத் தடவை எங்கே பார்க்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு போகலாம்.

அன்புடன்,
அப்பா