நீர் விடும் உப்பு நல்ல உப்பு அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் நாளிதழின் சமையல் பக்கத்தில் கல்லுப்பு பற்றி வந்த குறிப்பில், ஜாடியில் வைத்ததும் நீர் விட்டுக்கொள்வதுதான் அசல் கடல் உப்புக்கு அடையாளம் என்று இருந்தது. பல வீடுகளில் இப்படித்தான் நம்புகிறார்கள். உண்மை நேர்மாறானது. நீர் விடும் உப்பு, உப்பு விளையும் பாத்தியில் மிஞ்சும் கசப்பு நீர் சரியாக வடிக்கப்படாத உப்பு.

ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்புகள் கரைந்திருக்கின்றன. அதில் சாப்பாட்டுக்கு ஆகிற சோடியம் குளோரைடு ஏறக்குறைய 27 கிராம். மற்றவை மெக்னீசியம், கால்சியம், பொட்டாசியம் உப்புகள். நீர் வற்ற வற்ற இவை வரிசையாகத்தான் கீழே படியும். அந்த வரிசையைப் பிடித்து வேண்டியதை எடுப்பதுதான் உப்பளத் தொழில்.

தூத்துக்குடிப் பக்கம் கடல்நீரையும் ஆழ்குழாயில் வரும் நிலத்தடி உப்புநீரையும் பயன்படுத்துகிறார்கள். கடல்நீர் 3 டிகிரி இருக்கும். உப்பளத்தில் டிகிரி என்றால் சூடு அல்ல, பாமே மானியை மிதக்கவிட்டுப் பார்க்கும் அடர்த்தி. தெப்பங்களில், அதாவது நீர் தேக்கும் ஆழமில்லாத தொட்டிகளில், மாற்றி மாற்றித் தேக்கிக் காயவிடும்போது முதலில் சுண்ணாம்பு இறங்கும். 13 டிகிரியிலிருந்து ஜிப்சம் என்ற கால்சியம் உப்பு இறங்கும். தெப்பத்துத் தரையில் ஊசி ஊசியாக நின்று காலைக் குத்துவது அதுதான். பத்துக் குடம் தண்ணீர் ஒரு குடமாகச் சுண்டும்போது 25 டிகிரி வரும். அப்போதுதான் பாத்திக்குத் திறந்துவிட வேண்டும். அவசரப்பட்டு 22இல் திறந்துவிட்டால் மிச்ச ஜிப்சமும் உப்போடு சேர்ந்து படிந்துவிடும்.

25 முதல் 29 டிகிரி வரை நல்ல உப்பு விளையும். அதற்குள் நீரிலுள்ள உப்பில் ஏறத்தாழ முக்கால் பங்கு கிடைத்துவிடும். 29ஐத் தொட்டதும் மிஞ்சிய நீரை வடித்து வெளியே விட்டுவிட வேண்டும். அந்த நீர் நாக்கில் பட்டால் கசக்கும், விரலில் எண்ணெய்போல வழுக்கும். மெக்னீசியம் முழுவதும் அதில்தான் திரண்டிருக்கிறது.

தவறு நடக்கும் இடமும் இதுவே. அந்தக் கசப்பு நீரில் இன்னும் கால் பங்கு உப்பு இருக்கிறதே என்று வடிக்காமல் விடுகிறார்கள். அதன் மேலேயே புதுத் தண்ணீரைப் பாய்ச்சுகிறார்கள். ஒவ்வொரு பாய்ச்சலுக்கும் மெக்னீசியம் ஏறிக்கொண்டே போகும். அதனால் லாபமும் இல்லை: மெக்னீசியம் ஏறிய நீர் அதே வெயிலில் மெதுவாகத்தான் வற்றும், நாளுக்கு நாள் விளைச்சல் குறையும். (படம் எடுக்க வருகிறவர்கள் வியக்கும் செந்நிறப் பாத்திக்கும் இதற்கும் தொடர்பில்லை. அது உவர்நீரில் வாழும் நுண்ணுயிர்களின் நிறம்; வெயிலை ஈர்த்து நீர் வற்ற உதவும்.)

இனி ஜாடிக்கு வருவோம். சுத்தமான சோடியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால்தான் ஈரத்தை இழுத்து நீர் விடும். மெக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதமே போதும். ஐப்பசி மழையில் எந்த உப்பும் ஈரமாகும், அதை வைத்துத் தரம் சொல்ல முடியாது. சித்திரை வெயிலில், உள்நாட்டு ஊரில், மூடி திறந்த ஜாடியிலும் உப்பு நனைந்தே கிடந்தால் அதில் மெக்னீசியம் இருக்கிறது. வீட்டில் சோதிக்க இதைவிட எளிய வழி கிடையாது.

வாரிய உப்பைத் தட்டுமேட்டில் (பாத்தியை ஒட்டிய மேட்டில்) அம்பாரமாகக் குவித்து வைப்பது இடத்துக்காக மட்டும் அல்ல. குவியலில் இருக்கும் நாட்களில் ஒட்டியிருக்கும் கசப்பு நீர் அடிவழியாக வடிந்துபோகும். வாரிய மறுநாளே லாரி ஏற்றினால் அந்த நீரும் உப்பு விலைக்கே எடைபோட்டு விற்கப்படுகிறது. ஆனால் எத்தனை நாள் வைத்தாலும் வடியாத நீர் ஒன்று உண்டு. பெரிய கல்லை உடைத்துப் பாருங்கள், நடுவில் பால்போல மங்கலான பகுதி தெரியும். கல் வளரும்போது உள்ளே அடைபட்ட நீர்த்துளிகள் அவை.

அதனால்தான் சுத்திகரிப்பு ஆலையில் கல்லை நொறுக்கிக் கழுவுகிறார்கள். வெறுந்தண்ணீரில் கழுவினால் உப்பே கரைந்துவிடும். 25 டிகிரி நிறை உப்புநீரில்தான் கழுவ வேண்டும். அந்தக் கழுவுநீரையும் அவ்வப்போது மாற்ற வேண்டும். மாற்றாமல் ஓட்டினால் அதிலேயே மெக்னீசியம் சேர்ந்து, கழுவியும் கழுவாத கதையாகிவிடும். பிறகு சுழல் இயந்திரத்தில் நீரைப் பிரித்து, சூடான காற்றில் உலர்த்தி, சலித்து, பையில் அடைக்கிறார்கள். ஆலை உப்பு என்றாலே ரசாயனம் என்று சொல்கிறவர்கள், கல்லுக்குள் அடைபட்ட கசப்பு நீரை எடுக்க வேறு வழி என்ன என்று யோசிக்க வேண்டும்.

அயோடினும் இதோடு சேர்ந்த விஷயம். ஒரு டன் உப்புக்குப் பத்து லட்சத்தில் 30 பங்கு அயோடின் வர, சுமார் 50 கிராம் பொட்டாசியம் அயோடேட்டைக் கரைத்துத் தெளிக்க வேண்டும். ஒரு மூட்டைக்குச் சில கிராம்தான். கடையில் வாங்கும்போது 15 பங்குக்குக் குறையக் கூடாது என்பது சட்டம். கசியும் உப்பில் தெளித்த அயோடின் நீரோடு இறங்கி அடியில் தேங்கும். ஜாடியின் அடியில் நிற்கும் தண்ணீரைச் சாய்த்துக் கொட்டும்போது அயோடினையும் சேர்த்தே கொட்டுகிறோம். ஆகவே, நீர் விடும் உப்புதான் நல்லது என்று எழுதுவது சாதாரணப் பிழை அல்ல. அடுத்த இதழில் திருத்தம் வெளியிட வேண்டுகிறேன்.

அரசுக்கும் ஒரு கோரிக்கை. சிறு உற்பத்தியாளர்கள் கசப்பு நீரை வடிக்காததற்குப் பேராசை மட்டும் காரணம் அல்ல. பல இடங்களில் வடிக்க வழியே இல்லை. வடிகால் தூர்ந்து கிடக்கிறது. சில இடங்களில் கடல்நீர் உள்ளே வரும் வாய்க்காலும் கழிவு போகும் வாய்க்காலும் ஒன்றாகிவிட்டன. ஒருவர் வெளியே விடும் கசப்பு நீர் அடுத்தவர் தெப்பத்துக்குள் போகிறது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் அம்பாரங்கள் கரைந்ததோடு, கரைகள் உடைந்து மண் சரிந்ததும் நடந்தது. வடிகாலைத் தனியாகப் பிரித்துத் தூர்வார வேண்டும். கொள்முதலில் ஈரத்தைக் கழித்து உலர்ந்த எடைக்கே விலை தர வேண்டும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும் ஜனவரியில் பாத்தி மிதித்துத் தரையை இறுக்கத் தொடங்கிவிடுவார்கள். அதன் பிறகு வாய்க்காலில் கை வைத்தால் அந்தப் பருவம் முழுவதும் தண்ணீர் கலங்கியே வரும் என்பதால், தூர்வாரும் வேலையை அதற்கு முன்பே முடித்தாக வேண்டும்.

இப்படிக்கு,
உப்புத் தரச் சோதனைப் பணியில் உள்ள வாசகர்,
தூத்துக்குடி